பந்தாட்டத்துக்கு ஒரு காஷன் ஆர்டர்

சென்ற மாதம் மயூர் விஹாரில் பிள்ளையார் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நம் சங்கத்து நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "சார், பேரனுக்கு டெங்கு வந்து இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் கோச்சிங்குக்கு அனுப்பலாமா? கோச் வா என்கிறார். என் பெண் ஆறு மாசம் வேண்டாம் என்கிறாள். நீங்கள் பழைய ஆட்டக்காரர், சொல்லுங்கள்" என்றார்.

நான் டாக்டர் இல்லை. திருச்சியில் சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் சேர்ந்து, 2020-ல் ஓய்வு பெற்றவன். பிரிவுபசாரம் கூடக் கணினித் திரையில்தான் நடந்தது, மாலையைக் கூரியரில் அனுப்பினார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஒரு விலை கொடுத்திருக்கிறோம். கோவில் வாசலில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2021 ஏப்ரல் தில்லியில் எப்படி இருந்தது என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 19 இரவு ஊரடங்கு. ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வரிசை. என் பெண் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே வாரத்தில் ஜுரம். பேரனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவனுக்கு மூன்று நாள் ஜுரம், இரண்டு நாள் வாந்தி, பிறகு சரியாகிவிட்டான். மாப்பிள்ளைதான் பதினெட்டு நாள் படுத்தார். பெரியவர்களைப் பற்றிய கவலையில் பையனை யாரும் கவனிக்கவில்லை. குழந்தைக்கு வந்தால் லேசாகப் போய்விடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

மே 31-லிருந்து ஊரடங்கைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஜூன் 21 அன்று பூங்காக்கள் திறந்தன. ஜூலை 5 முதல் பார்வையாளர் இல்லாமல் மைதானங்களையும் விளையாட்டு வளாகங்களையும் திறக்கலாம் என்று தில்லி அரசு உத்தரவு போட்டது. பையன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான். ஒன்றேகால் வருஷம் மொட்டை மாடியிலும் மாடிப்படியிலும் பந்தைத் தட்டிக் கீழ்வீட்டு மாமியிடம் திட்டு வாங்கியவன் அவன்.

கோச்சிங் தொடங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் அவனைத் 'தயார் செய்கிறேன்' என்று கிளம்பியது நான்தான். பொன்மலையில் ரயில்வே மைதானத்தில் வெறுங்காலோடு ஆடியவன் என்ற கர்வம். காலை ஐந்தரைக்கு எழுப்பி, பக்கத்துப் பூங்காவில் நான்கு சுற்று ஓடு என்றேன். இரண்டாவது சுற்றில் மெதுவானான். "என்னடா, அதற்குள்ளேயா?" என்று கேலி செய்தேன். மூன்றாவது சுற்றின் பாதியில் புல்லில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷமாகியும் அடங்கவில்லை. "தாத்தா, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது" என்றான்.

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்தார். கடவுள் புண்ணியத்தில் இரண்டிலும் கோளாறில்லை. டாக்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்கள் டிபார்ட்மெண்டில் புதிதாகப் போட்ட லைனில் முதல் வண்டியே ராஜதானியா சார்?"

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. காரணம் சொல்கிறேன். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள ஜல்லியை முழுதும் தோண்டிச் சலித்துத் திரும்பப் போடும் வேலை ஒன்று உண்டு. அந்த வேலை முடிந்ததும் பாதை பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக இருக்கும். ஆனால் ஜல்லி இன்னும் படியவில்லை. அதனால் அந்த இடத்துக்கு 'காஷன் ஆர்டர்' போடுவோம். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று எழுதி டிரைவரிடம் கொடுத்து விடுவார்கள். சில நாள் வண்டிகள் ஓடி, கேங்மேன்கள் மறுபடி ஜல்லியை இறுக்கிய பிறகு 45. அப்புறம் 75. எல்லாம் சரியாக இருந்தால்தான் பழைய வேகம். கையால் ஜல்லி அடைத்த காலத்தில் இதற்கு மூன்று வாரம் பிடிக்கும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் நேரில் போய்ப் பாதையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வேகம். மூன்று வாரம் கழித்து ஒரேயடியாக வேகத்தைக் கூட்டுவது என்பது கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் இதையே செய்தவன், சொந்தப் பேரன் விஷயத்தில் முதல் நாளே முழு வேகத்துக்குக் கொடி காட்டியிருக்கிறேன்.

கோவிட் விஷயத்தில் டாக்டர்கள் அச்சாக இதே மாதிரி ஒரு படிக்கட்டு வைத்திருந்தார்கள். 2020-ல் பிரிட்டனில் விளையாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட திட்டத்தில் குறைந்தது பத்து நாள் ஓய்வு, அதிலும் கடைசி ஏழு நாள் எந்த உபாதையும் இருக்கக்கூடாது, அதற்குப் பிறகுதான் முதல் படி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏறக்குறைய இதே வரிசையைச் சொன்னது. முதல் இரண்டு நாள் கால்மணி நேரம், நடையும் மெல்லோட்டமும் மட்டும். மூன்றாம் நாள் அரைமணி. நான்காம் நாள் முக்கால் மணி, இதில் பந்து வரலாம். ஐந்தாம் ஆறாம் நாள் ஒரு மணி நேரம். ஏழாம் நாள் வழக்கமான பயிற்சி. எந்தப் படியில் உபாதை வந்தாலும் நிறுத்தி, அது தீர்ந்தபின் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். நோய் கடுமையாக வந்திருந்தாலோ, இருதயத் தசையில் வீக்கம் என்று தெரிந்தாலோ கணக்கே வேறு, மூன்று முதல் ஆறு மாதம் வரை ஓட்டம் கூடாது. பின்னாளில் நோய் லேசானதும் ஓய்வு நாட்களைக் குறைத்தார்கள். படிப்படியாக ஏற வேண்டும் என்ற வரிசையை மாற்றவில்லை.

நண்பரின் பேரனுக்கு வந்தது டெங்கு. அதற்கு வேறு ஒரு கவலையும் உண்டு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கியிருக்கும்போது முழங்கை பட்டாலே உள்ளே ரத்தம் கசியும். எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று டாக்டர் பார்த்துச் சொல்லாமல் உடம்பு மோதும் ஆட்டம் எதுவும் வேண்டாம். மலேரியாவில் மண்ணீரல் வீங்கியிருந்தாலும் அப்படித்தான், வயிற்றில் ஒரு பந்து பட்டால் போதும், ஆபத்து. டெங்குவின் களைப்பு ஜுரம் விட்ட பிறகும் வாரக்கணக்கில் இருக்கும். ஆகவே கோச் சொன்னதும் சரியில்லை, பெண் சொன்ன ஆறு மாசமும் தேவையில்லை. டாக்டர் பச்சைக் கொடி காட்டிய பிறகு படிக்கட்டின் முதல் படியில் தொடங்கலாம்.

எந்த வேகம் மெல்லோட்டம், எது அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகத்தில் நாடித் துடிப்புக் கணக்கு இருக்கிறது. குழந்தைகளுக்கு அது அவ்வளவு சரியாகப் பொருந்துவதில்லை, ஓடுகிற பையனின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணவும் முடியாது. பேச்சுதான் நல்ல அளவுகோல். முதல் படிகளில் ஓடிக்கொண்டே மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும். நான் பேரனிடம் சென்னை போகும் வழியிலுள்ள ஊர்களைச் சொல்லச் சொன்னேன்: ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இடார்சி, நாக்பூர், பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா. நாக்பூர் வரை நிறுத்தாமல் வந்தால் வேகம் சரி. குவாலியரிலேயே மூச்சு முட்டினால் நடக்க வேண்டியதுதான். முதல் நாள் ஜான்சியோடு நின்றான். பத்தாம் நாள் விஜயவாடா தாண்டி கூடூர் வந்துவிட்டான். பாதி ஊர்ப் பெயர்களும் பூகோளமும் அதில்தான் கற்றுக்கொண்டான் என்பது வேறு விஷயம்.

சில அறிகுறிகளுக்கு யோசனையே கூடாது, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு வலி, செய்த வேலைக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, நின்ற பிறகும் அடங்காத படபடப்பு, மயக்கம் ஆகியவை. கோவிட்டுக்குப் பிறகு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் சில குழந்தைகளுக்கு மறுபடியும் ஜுரம், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, கடுமையான வயிற்று வலி என்று ஒரு நோய் வந்தது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆஸ்பத்திரிதான். "சோம்பேறித்தனம்" என்ற வார்த்தையை அந்த வாரங்களில் வீட்டில் யாரும் உபயோகிக்கக் கூடாது என்று என் பெண் எனக்கு உத்தரவே போட்டாள்.

இனி மைதானத்துக்கு வருவோம். 2020 மே 17 அன்று மத்திய அரசின் உத்தரவு பார்வையாளரில்லாமல் மைதானங்களைத் திறக்கலாம் என்றபோது எல்லோருக்கும் பயம் பந்தைப் பற்றித்தான். பந்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். கொத்தமல்லியையே கழுவிய காலம் அது. பந்து மூலமாகப் பரவுவது மிகக் குறைவு, மூச்சுக்காற்று மூலமாகவே பெரும்பாலும் பரவுகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. திறந்தவெளியில் அந்தக் காற்று உடனே கலைந்து போய்விடும். டென்மார்க்கில் தொழில்முறை ஆட்டங்களை அளந்து பார்த்ததில், ஒரு முழு ஆட்டத்தில் ஓர் ஆட்டக்காரர் மற்றவர்களுக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் நேரம் சராசரியாக இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு என்று கண்டார்கள். நமக்கு என்னவோ ஆட்டக்காரர்கள் தொண்ணூறு நிமிஷமும் கட்டிப் புரள்கிற மாதிரி தோன்றுகிறது.

அப்படியானால் ஆபத்து எங்கே? வேனில். யோசித்துப் பாருங்கள், எட்டுப் பேர் உட்காரும் வேனில் பன்னிரண்டு பிள்ளைகள், பை, பந்து, ஜன்னல் சாத்தி, ஏ.சி. போட்டு, நொய்டா சாலை நெரிசலில் நாற்பது நிமிஷம். மைதானத்தில் இரண்டு மணி நேரத்தில் வராத தொற்று அந்த நாற்பது நிமிஷத்தில் வந்துவிடும். நாங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து வேன்காரரிடம் பேசினோம். ஏழு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது, நான்கு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், வேனுக்குள் எல்லோரும் முகக்கவசம். கூடுதல் பணத்தை நாங்களே பகிர்ந்துகொண்டோம். மைதானத்தில் ஓடும்போது முகக்கவசம் வேண்டாம். கடும் உடற்பயிற்சியில் அதைப் போடக்கூடாது என்றே உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. வியர்வையில் நனைந்தால் மூச்சு அடைக்கும். பல பெற்றோர் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். வேனில் கழற்றிப் பைக்குள் வைத்தார்கள், ஓடும்போது போடச் சொன்னார்கள்.

ரயில்வேக்காரன் என்பதால் காற்று விஷயம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது. 2020-ல் ரயில்வே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக மாற்றியது. அந்த ஜூனில் ஷகூர்பஸ்தியிலும் ஆனந்த் விஹாரிலும் அவை நின்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதற்கு எடுத்தவை ஏ.சி. இல்லாத ஸ்லீப்பர் பெட்டிகள். நடுப் பலகையைக் கழற்றி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, காற்று நேராகப் போய்வரும்படி வைத்தார்கள். ஜூன் வெயிலில் உள்ளே அடுப்பாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் குளிர்சாதனப் பெட்டியை ஏன் எடுக்கவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது. 1918-ல் இன்ஃபுளூயன்சா பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி நாடு முழுக்கப் பரவியதும் எங்கள் ரயில் பாதைகளின் வழியாகத்தான்.

வேனுக்கு அடுத்த இடம் உடை மாற்றும் அறை. அதைப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஜெர்ஸியோடு வரலாம். அதற்கடுத்து, பயிற்சிக்கு நடுவில் கோச்சைச் சுற்றித் தோளில் கைபோட்டு நிற்கும் வட்டம். பிறகு தண்ணீர் பாட்டில். நம் பிள்ளைகள் வாய் வைக்காமல் தூக்கிக் குடிப்பார்கள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் மைதானத்தோரம் நின்று பார்த்தால் அந்தப் பெருமை போய்விடும். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டினோம். அப்புறம், எல்லைக் கோட்டுக்கு வெளியே டீக் கடையில் நெருக்கியடித்து நின்று அரசியல் பேசும் அப்பாக்கள், தாத்தாக்கள். பிள்ளைகளுக்கு இடைவெளி விட்டு நிற்கச் சொல்லி, நாங்கள் அதைச் செய்யவில்லை.

அந்த ஜூலையில் எங்கள் கோச் செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட வேண்டும். இருபத்தைந்து பேரையும் எட்டெட்டாகப் பிரித்து, ஒரு குழு மற்றதோடு கலக்காமல், தனி நேரம், தனி மூலை என்று வைத்தார். ஒரு குழுவில் யாருக்காவது ஜுரம் வந்தால் அந்தக் குழு மட்டும் நிற்கும், மற்ற இரண்டும் ஓடும். நாங்கள் ஒரு பிளாக் செக்‌ஷனில் ஒரு வண்டிதான் விடுவோம் அல்லவா, அதேதான் என்றேன். (என் மனைவி இதைப் படித்துவிட்டு, "எதை எடுத்தாலும் ரயிலா?" என்கிறாள். வேறு எனக்கு என்ன தெரியும்?) முதல் வாரம் ஆளுக்கொரு பந்து, தனித்தனியாக உருட்டுவதும் தட்டுவதும். இரண்டாம் வாரம் காலால் மட்டும் பாஸ். மூன்றாம் வாரம் மூன்றுக்கு மூன்று சிறு ஆட்டம். உடம்போடு உடம்பு மோதிப் பந்தைப் பறிப்பது நான்காம் வாரத்துக்கு மேல்தான். இன்னொன்றும் செய்தார். கோலுக்கு ஷாட் அடிக்கப் பதினைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நிற்கும் வரிசையை ஒழித்தார். தொற்றுக்குப் பயந்து செய்தது. ஆனால் முன்னெல்லாம் ஒரு மணி நேரத்தில் பையன் பந்தை ஆறு தடவை தொட்டால் அதிகம். இப்போது நூறு தடவை தொட்டான். நோய் போன பிறகும் அந்த வரிசை திரும்பி வராதது எனக்குச் சந்தோஷம்.

எல்லாவற்றிலும் கஷ்டமான விதி ஒன்று. ஜுரம் வந்தால் வரக்கூடாது என்று சொல்வது சுலபம். ஆனால் சனிக்கிழமை டீம் தேர்வு என்றால் வெள்ளிக்கிழமை தொண்டை வலியைப் பையன் சொல்ல மாட்டான். நம் வீடுகளில் அம்மாக்களே காலையில் ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியதும் உண்டு. தப்பாகச் சொல்லவில்லை, வெளியூரில் வந்து பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பு. கோச்சிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது, உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றவனின் இடம் அவனுக்கே இருக்கும் என்பதை எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்க வேண்டும் என்பது. அவர் அறிவித்தார். அடுத்த வாரமே இரண்டு பேர் தாமாகவே "இருமல்" என்று வீட்டில் இருந்தார்கள். நெற்றியில் துப்பாக்கி மாதிரி வைத்துப் பார்க்கும் வெப்பமானியை விட அந்த ஒரு அறிவிப்பு அதிகம் காப்பாற்றியது என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் அந்நாளில் ஆபத்து பிள்ளைக்கு மட்டும் இல்லை. இரண்டு அறை டி.டி.ஏ. ஃபிளாட்டில் பாட்டி, தாத்தா, குழந்தை எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கிறோம். 60 வயதானவர்களுக்கு 2021 மார்ச் 1-லிருந்து ஊசி போட்டார்கள், எனக்குக் கிடைத்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி 3-ல்தான் தொடங்கியது, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு மார்ச் 16-ல். அந்த ஜூலையில் பேரன் ஊசி இல்லாமல்தான் ஆடினான். என் பெண் அவனை அனுப்பத் தயங்கியது அவனுக்காக அல்ல, எனக்காக என்று பிறகுதான் சொன்னாள். நான் ஒரு மாதம் கரோல் பாகில் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன், பையன் ஆடட்டும் என்றேன். போனேன். அவன் தினம் ராத்திரி ஃபோனில் எத்தனை ஸ்டேஷன் சொன்னான் என்று கணக்குக் கொடுப்பான்.

பதினாறு மாதம் ஆடாமல் இருந்ததில் இன்னொரு சங்கடம், யாரும் நினைக்காதது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாங்கிய பூட்ஸில் பேரனின் கால் நுழையவில்லை. விரலை மடக்கி நுழைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆடியிருக்கிறான், செலவு வைக்க வேண்டாம் என்று! எலும்பு சட்டென்று நீளும் வயதில் தசையும் தசைநாரும் பின்தங்கி இழுபடும். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை குதிகால் வலி, அதற்கு மேல் முழங்காலுக்குக் கீழே ஒரு முண்டு வந்து வலிப்பது, இரண்டும் இந்த இழுப்பினால்தான். பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்தால் தானே சரியாகும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடினால் மாதக்கணக்கில் நீளும். ஜெர்மனியில் 2020 மே 16 அன்று தொழில்முறை ஆட்டங்களை மறுபடி தொடங்கியபோது, மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சூழ இருந்த பெரிய ஆட்டக்காரர்களுக்கே முன்னைவிடக் காயம் கூடியது. நம் பிள்ளைகள் எம்மாத்திரம்.

இதற்கு ஃபிஃபா ஆதரவில் உருவான ஓர் உடல் தயாரிப்புப் பயிற்சி இருக்கிறது. 'லெவன் பிளஸ் கிட்ஸ்' என்று பெயர், ஏழிலிருந்து பதின்மூன்று வயதுக்கு. ஆட்டத்துக்கு முன் பதினைந்து இருபது நிமிஷம், ஏழு பயிற்சிகள். ஒற்றைக்காலில் நின்று நிலைதடுமாறாமல் இருப்பது, குதித்து முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்குவது, வயிற்றையும் முதுகையும் வலுப்படுத்துவது, அப்புறம் விழுவது. ஆம், தோளில் உருண்டு அடிபடாமல் விழுவது எப்படி என்று ஒரு பயிற்சி. ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் குடியரசு ஆகிய நான்கு நாடுகளில் சிறுவர் அணிகளில் சோதித்ததில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. மைதானத்தைச் சுற்றி இரண்டு ஓட்டம் விட்டுவிட்டு நேராக ஆட்டத்தில் இறக்கும் கோச்சுகளிடம் பெற்றோர்கள் இதைத் தைரியமாகக் கேட்கலாம். செலவு ஒன்றுமில்லை.

பெருந்தொற்று பல பிள்ளைகளிடம் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. நம் தில்லியில் 1960-லிருந்து பள்ளி அணிகள் மோதும் சுப்ரதோ கோப்பை 2020, 2021 இரண்டு வருஷமும் நடக்கவில்லை. அந்த வருஷங்களில் கடைசி வகுப்பில் இருந்த பையனுக்கு அது போனது போனதுதான். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை 2020 நவம்பரில் நம் நாட்டில் நடக்க இருந்தது. முதலில் தள்ளிப் போட்டார்கள், பிறகு ரத்து செய்தார்கள், கடைசியில் 2022 அக்டோபரில் புவனேஸ்வரத்திலும் மட்காவிலும் நவி மும்பையிலும் நடந்தது. 2020-க்காகப் பயிற்சி எடுத்த பெண்களில் பலருக்கு அதற்குள் வயது தாண்டிவிட்டது. அதனால்தான் ஒரேயடியாக 'ஆட்டமே வேண்டாம்' என்று பூட்டிவிடுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பத்து வயதில் போன ஒரு வருஷம் அறுபது வயதில் போன ஒரு வருஷத்தைப் போன்றது அல்ல.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. ஆனால் தில்லிவாசிகளுக்கு மைதானம் மூடுவது முடியவில்லை. 2021 நவம்பர் 1-ல் எல்லா வகுப்புக்கும் பள்ளி திறந்து, இரண்டு வாரம் கூட ஆகவில்லை, புகை காரணமாக மறுபடி மூடினார்கள். 2017 டிசம்பரில் கோட்லாவில் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் முகக்கவசம் போட்டு ஆடி, ஆட்டம் நடுவில் நின்றது ஞாபகம் இருக்கும். அதே வருஷம் அக்டோபர் 9 அன்று, புகை வருமுன், நேரு ஸ்டேடியத்தில் ஜீக்சன் சிங் கொலம்பியாவுக்கு எதிராகத் தலையால் முட்டிய கோல்தான் ஃபிஃபா உலகக் கோப்பைகளில் இந்தியா போட்ட முதல் கோல். பேரனை அழைத்துப் போயிருந்தேன். அவனுக்குப் பைத்தியம் பிடித்ததே அன்றுதான்.

புகைக்கும் எங்களிடம் ஒரு காஷன் ஆர்டர் உண்டு. காற்றுத் தர எண் 200 வரை வழக்கமான ஆட்டம், ஆஸ்துமா உள்ள பிள்ளை மருந்தைக் கையோடு கொண்டு வர வேண்டும். 200 தாண்டினால் அரைமணி, பந்து வேலை மட்டும், ஓட்டப் பயிற்சி கிடையாது. 300 தாண்டினால் வெளியே வேண்டாம். கோச் வீட்டுக்குள் செய்யும் பயிற்சி அனுப்புவார். இந்த எல்லை நாங்கள் பெற்றோர் சேர்ந்து வைத்துக்கொண்டது, அரசு அளவு அல்ல. அரசு வகைப்பாட்டில் 201 முதல் 300 வரை 'மோசம்', 301-லிருந்து 'மிக மோசம்', 401-க்கு மேல் 'கடுமை'. வேகமாக ஓடும் பையன் உட்கார்ந்திருப்பவனை விடப் பல மடங்கு காற்றை, அதுவும் வாய் வழியாக, இழுக்கிறான் என்பதை நினைத்துக்கொண்டால் எங்கள் எல்லை கொஞ்சம் தாராளம் என்றுகூட நீங்கள் சொல்லலாம். என் பெண் அப்படித்தான் சொல்கிறாள். குளிர்காலத்தில் அதிகாலைதான் காற்று மிகக் கெட்டிருக்கும் என்பதையும் கவனியுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுப்பாமல், டிசம்பரில் வெயில் ஏறிய பிறகு அனுப்புவது நல்லது. மே, ஜூனில் தலைகீழ், காலை எட்டுக்குள் வீடு திரும்ப வேண்டும்.

பேரன் விஷயம் சொல்லாமல் விட்டேன். அவன் அந்த ஏழு நாள் படிக்கட்டை ஏற இருபத்து மூன்று நாள் பிடித்தது. இரண்டு தடவை கீழே இறங்கினான். நாலாவது படியில் ஒரு நாள் படபடப்பு வந்தபோது, அவனே நின்று, கையைத் தூக்கி, "தாத்தாவிடம் கேட்க வேண்டும்" என்று கோச்சிடம் சொல்லியிருக்கிறான். செப்டம்பர் கடைசியில் முழு ஆட்டம் ஆடினான். இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான், கோல் கீப்பர். அவனுடைய தங்கை பத்து வயதில் அதே மைதானத்துக்குப் போகிறாள். போன மாதம் அவளுக்கு வைரஸ் ஜுரம் வந்து போனபோது குளிர்பதனப் பெட்டிக் கதவில் அண்ணனுடைய பழைய அட்டையைத் தேடி எடுத்து ஒட்டினோம். இன்று இரண்டாம் படி, அரைமணி நேரம். காலையில் போபால் வரை வந்தாள்.